சாலை நெட்வொர்க் வல்னரபிலிட்டி ரிசர்ச்: இத்தனை வருஷப் பேப்பரை எந்த நுனியில பிடிக்கிறது?

பாதிவழி_ஸ்காலர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பிஎச்டி முதல் வருஷம், சிவில்ல டிரான்ஸ்போர்ட்டேஷன். டாபிக் என்னன்னா வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு மாதிரி ஏதாவது வந்தா ஒரு சாலை நெட்வொர்க் எவ்ளோ தாங்கும், எங்க அடிபட்டா மொத்தமும் படுத்துடும், இதைப் பத்தின ஆராய்ச்சி எந்தப் பக்கம் போய்ட்டு இருக்கு. கைடு முதல் சாப்டரா டிரெண்ட் ரிவ்யூ எழுதச் சொன்னார். நானும் ஸ்கோப்பஸ்ங்கிற ஆய்வுப் பேப்பர் டேட்டாபேஸ்ல கீவேர்டு போட்டு கிடைச்சதெல்லாம் இறக்கி விஓஎஸ்வியூவர்னு படம் போடுற சாஃப்ட்வேர்ல ஏத்தினேன், கலர் கலரா கோலம் மாதிரி ஒரு படம் வந்துச்சு, நடுவுல ரெசிலியன்ஸ்னு ஒரு பெரிய உருண்டை, அதைச் சுத்தி குட்டி குட்டியா மத்ததெல்லாம். ஆசையா கொண்டு போய் காட்டுனா ஒரு நிமிஷம் பார்த்துட்டு "படம் நல்லாருக்கு, இதுல இருந்து உனக்கு என்ன தெரிஞ்சுது"ன்னு கேட்டார். சத்தியமா வாய்ல வார்த்தை வரல.

என் குழப்பம் இதுதான். ரிலையபிலிட்டி (நம்பகத்தன்மை), வல்னரபிலிட்டி (பலவீனம்), ரோபஸ்ட்னெஸ் (உறுதி), ரெசிலியன்ஸ் (மீள்திறன்) இந்த நாலும் வேற வேறயா இல்ல பழைய கள்ளுக்குப் புது மொந்தையா? ஒரு குரூப் ரோட்டை வெறும் புள்ளியும் கோடுமா பார்க்கிற கிராஃப் தியரி வெச்சு பேசுறாங்க, இன்னொரு குரூப் எந்த ரோட்டுல எவ்ளோ வண்டி போகும்னு கணக்குப் பார்க்கிற டிராஃபிக் அசைன்மென்ட் போட்டுப் பேசுறாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிற மாதிரியே தெரியல. அப்புறம் நானே ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச மேப் டேட்டா எடுத்து ஒரு நகரத்துக்கு பிட்வீன்னெஸ் சென்ட்ராலிட்டி, அதாவது ஒரு ரோடு எத்தனை குறுக்கு வழில வருதுங்கிற கணக்கு, ஓட்டிப் பார்த்தேன், ராத்திரி முழுக்க லேப்டாப் சூடாகி, காலைல பார்த்தா டாப் பத்து லிங்கும் (லிங்க்னா ரெண்டு சந்திப்புக்கு நடுவுல இருக்கிற ரோட்டுத் துண்டு) ரிங் ரோடும் மெயின் ரோடும்தான். மேப்பைக் கண்ணால பார்த்தாலே தெரியுற விஷயத்துக்கு எதுக்கு இவ்ளோ பைத்தான்னு எனக்கே வெட்கமா போச்சு. எங்க தப்பு பண்றேன்? யாராவது இந்த ஏரியால இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க.

---

கணக்குப்புலி:

உங்க கைடு சரியான கேள்விதான் கேட்டிருக்கார். அந்த உருண்டைப் படம் எந்த வார்த்தை எந்த வார்த்தையோட சேர்ந்து வருதுன்னு மட்டும்தான் காட்டும், ஏன் வருதுன்னு காட்டாது, அதுக்கு நீங்கதான் உக்காந்து படிக்கணும், குறுக்கு வழி இல்ல.

கதையை 1995ல இருந்து ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடியே ஜப்பான்ல அசகுரா, கஷிவதானி ரெண்டு பேரும் 1991ல பயண நேர ரிலையபிலிட்டி பத்தி எழுதியிருக்காங்க, ஆனா அது தினசரி டிராஃபிக் ஏற்ற இறக்கம் சம்பந்தப்பட்டது, அதாவது நான் நினைச்ச நேரத்துக்குள்ள போய்ச் சேருவேனாங்கிற கேள்வி. 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துல ஹான்ஷின் எக்ஸ்பிரஸ்வே கிட்டத்தட்ட 635 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு படுத்துடுச்சு, அந்த ஃபோட்டோ நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நேரத்துக்குப் போவேனாங்கிற கேள்வி அதுக்கப்புறம் போக வழி இருக்கா இல்லையாங்கிற கேள்வியா மாறிடுச்சு. போக்குவரத்து நெட்வொர்க் ரிலையபிலிட்டிக்குன்னு தனி சர்வதேசக் கருத்தரங்கு முதல்ல நடந்தது 2001ல, கோபேக்குப் பக்கத்துல இருக்கிற கியோட்டோலதான், அது தற்செயல்னு எனக்குத் தோணல.

2002ல ஸ்வீடன்ல இருந்து கட்ஜா பெர்டிகா ஒரு பேப்பர் போட்டாங்க, இந்த ஏரியால யாரைப் பார்த்தாலும் முதல் பாராவுல அதைத்தான் சொல்வாங்க. சாலை வல்னரபிலிட்டின்னா என்னன்னு ஒரு வரையறை கொடுத்தாங்க, சுருக்கமா சொன்னா ஏதோ ஒரு சம்பவத்தால சாலை நெட்வொர்க் தர்ற சேவை பெருசா குறைஞ்சு போற வாய்ப்பு. சேவைங்கிற வார்த்தைய கவனிங்க, பாலம் உடைஞ்சுதாங்கிறது அங்க ரெண்டாம் பட்சம், அதனால யார் எங்க போக முடியாம நின்னாங்கங்கிறதுதான் முதல். அதே சமயத்துல ஆஸ்திரேலியால டெய்லர், டெஸ்டே ரெண்டு பேரும் ரிலையபிலிட்டிக்கும் வல்னரபிலிட்டிக்கும் நடுவுல கோடு கிழிச்சாங்க. அவங்க ஊர் அமைப்பை யோசிச்சுப் பாருங்க, நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே ரோடு, அது அறுந்து போற நிகழ்தகவு ரொம்பக் கம்மி, அதனால ரிலையபிலிட்டி கணக்குல அது தங்கமான ரோடு, ஆனா ஒரு தடவை அறுந்தா கதை முடிஞ்சுது. நிகழ்தகவு கம்மின்னு விட்டுட முடியாது, விளைவை மட்டும் தனியா எடுத்துப் பாருங்கன்னாங்க. ஒத்தை வாசல் வீட்டுல இடி விழாதுன்னு நம்பிக் குடியிருக்கிற மாதிரி.

2006ல ஜெனலியஸ், பீட்டர்சன், மாட்சன் மூணு பேரும் வடக்கு ஸ்வீடன் சாலைகள எடுத்து அதையே ரெண்டு பக்கமா பிரிச்சாங்க. ஒரு லிங்க் போனா மொத்த நெட்வொர்க்குக்கும் எவ்ளோ நஷ்டம்னு பார்த்தா அது அந்த லிங்க்கோட முக்கியத்துவம். ஒரு ஊர்ல இருந்து பார்த்து, எந்த லிங்க் போனாலும் சரி இந்த ஊர்க்காரங்களுக்கு எவ்ளோ அடின்னு கேட்டா அது அந்த ஊரோட எக்ஸ்போஷர். முதல் கேள்வி ரோடு போடுறவனுக்கு, ரெண்டாவது அங்க குடியிருக்கிறவனுக்கு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணா வராது. டிராஃபிக் அதிகம் இருக்கிற லிங்க்குக்கு முக்கியத்துவம் அதிகம், ஆனா ஆள் கம்மியா இருக்கிற கோடி மூலைக்குத்தான் எக்ஸ்போஷர் அதிகம்.

ரெசிலியன்ஸ் வேற வீட்ல இருந்து வந்த மருமக. 2003ல புருனோவும் அவர் கூட இருந்தவங்களும் நிலநடுக்கத்துக்காக எழுதின பேப்பர்ல இருந்து கிளம்பினது. தாங்குற சக்தி, மாற்று வழி, சமாளிக்கிற வளம், மீள்ற வேகம்னு நாலு குணம் சொன்னாங்க, இங்கிலீஷ்ல நாலும் ஆர்ல ஆரம்பிக்கும் அதனால எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு. அதுல நிஜமா புதுசு ஒண்ணுதான், நேரம். வல்னரபிலிட்டி ஒரு ஃபோட்டோ, அடி விழுந்த நொடில எவ்ளோ கீழ போச்சுன்னு. ரெசிலியன்ஸ் வீடியோ, கீழ போய் எத்தனை நாள் கிடந்து எப்படி எழுந்துச்சுன்னு. 2015ல பேரிடர் அபாயத்தைக் குறைக்கிறதுக்கான ஐநா சபையோட செண்டாய் செயல்திட்டம் வேற வந்துச்சு, 2030 வரைக்குமானது, அதுல அத்தியாவசியக் கட்டமைப்பு சேதத்தைக் குறைக்கணும்னு தனி இலக்கே இருக்கு, ஃபண்டிங் எங்க போகுதோ வார்த்தையும் அங்கதான் போகும். உங்க படத்துல நடுவுல இருக்கிற பெரிய உருண்டைல பாதி அறிவியல் பாதி ப்ரொபோசல் பாஷை. இதைக் கைடுகிட்ட கொஞ்சம் நாசூக்கா சொல்லுங்க.

ரெண்டு குரூப் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதில்லன்னு சொன்னீங்க இல்ல, 2015ல மாட்சன், ஜெனலியஸ் எழுதின ரிவ்யூ சரியா அதே பிரிவைத்தான் பேசுது. அதை முதல்ல படிங்க.

---

நெடுஞ்சாலை_நரி:

மேல எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர், மறுக்கல. ஆனா தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல ரோட்டுல நின்னவன், ஒண்ணு சொல்றேன் கேளு. நீங்க எல்லாரும் லிங்க் லிங்க்குங்கிறீங்களே, வெள்ளத்துல லிங்க்னு ஒண்ணு உடைஞ்சு நான் பார்த்ததே இல்ல.

உடையுறது கல்வெர்ட், ரோட்டுக்கு அடில தண்ணி போறதுக்குப் போடுற சின்னப் பாலம். மேல இருந்து வர்ற மரக்கிளை, குப்பை எல்லாம் போய் அதோட வாயை அடைச்சுக்கும், தண்ணி போக வழி இல்லாம ரோட்டு மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கும், இறங்குற பக்கத்துச் சரிவுல மண்ணை அரிக்க ஆரம்பிச்சு மேல தார் அப்படியே இருக்க அடில குகை மாதிரி ஆயிடும். அப்ப அதுக்கு மேல ஒரு லாரி போச்சுன்னா அவ்ளோதான். இல்லன்னா பாலம் கம்பீரமா நிக்கும், ரெண்டு பக்கமும் பாலத்துக்கு ஏறுற அப்ரோச் மண்ணு கரைஞ்சு போயிருக்கும், நடு ஆத்துல தீவு மாதிரி பாலம் மட்டும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல பாலத்துக்குச் சேதம் இல்லன்னு எழுதலாம், பொய் இல்ல, ஆனா ஒரு சைக்கிள் கூட போக முடியாது. கடலோரம்னா அது வேற கதை. 2005 கேட்ரினா புயல்ல நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல இரட்டைப் பாலத்தோட தளத்தை எல்லாம் கடல் தண்ணி அடில இருந்து தூக்கி நகர்த்திப் போட்டுச்சு. பாலம்னா மேல இருந்து வர்ற பாரத்துக்குத்தானே போடுறோம், கீழ இருந்து தூக்கும்னு அந்தப் பழைய பாலத்தை டிசைன் பண்ணும்போது எவன் நினைச்சான்.

நிலநடுக்கத்துக்கு ஃப்ராஜிலிட்டி கர்வ் இருக்கு, இவ்ளோ ஆட்டத்துக்கு இவ்ளோ சேத வாய்ப்புன்னு, அமெரிக்காக்காரன் ஹாஸஸ்னு பேரிடர் நஷ்டம் கணக்குப் போடுற சாஃப்ட்வேர்ல பாலம் வகை வகையா வெச்சிருக்கான். வெள்ளத்துக்கு கல்வெர்ட் வகை வகையா அப்படி ஒண்ணு காட்டு பாப்போம். நெட்வொர்க் ஆளுங்களும் பாலத்து ஆளுங்களும் இன்னும் தனித்தனி பந்தில உக்காந்து சாப்பிடுறாங்க.

இன்னொண்ணு, ரோடு ஆன் ஆஃப்னு ஸ்விட்ச் மாதிரி இல்ல. தண்ணி வடிஞ்சதும் திறந்துடுவோம், மக்கள் கேப்பாங்க, மேலிடமும் கேக்கும், ஆனா அடில மண்ணு இன்னும் ஊறிப் போய்தான் இருக்கும், அது மேல கனரக வண்டி விட்டா வெள்ளத்துல தப்பிச்ச ரோடு வெள்ளத்துக்கு அப்புறம் சாகும். அதனால ஒரு வழி மட்டும், பகல்ல மட்டும், இத்தனை டன் வரைக்கும்னு கட்டுப்பாடு போடுவோம். இந்த நடுநிலை எந்த மாடல்ல இருக்கு?

மாற்று வழிக்கும் இதே கதிதான். 2016 நவம்பர்ல நியூசிலாந்து கைகௌரால 7.8 அளவுல நிலநடுக்கம் வந்துச்சு, கடலோரமா போற ஸ்டேட் ஹைவே 1 மேல மலை சரிஞ்சு வருஷத்துக்கு மேல மூடிக் கிடந்து 2017 டிசம்பர் 15தான் திறந்தாங்க, அதுவும் முதல்ல பகல் நேரத்துக்கு மட்டும். அது வரைக்கும் எல்லா லாரியும் உள்நாட்டு மலை வழில சுத்திப் போச்சு, அந்த ரோடு அவ்ளோ பாரத்துக்குப் போட்டதே இல்ல, குறுகலான பாலம் வேற, அதைப் பழுது பார்க்கிறதே தனி வேலையா போச்சு. டீடூர் ரோடு எவ்ளோ வேகமா தேயும்னு யாராவது கணக்குப் போட்டிருந்தா சொல்லு, நானே படிக்கிறேன்.

---

ஓஎஸ்எம்_பைத்தியம்:

பிட்வீன்னெஸ் பத்தி யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். தப்பு உங்க கோடுல இல்ல, கேள்வில. பிட்வீன்னெஸ் என்ன பண்ணுது, ஒவ்வொரு நோடுல இருந்தும் மத்த எல்லா நோடுக்கும் ஆளுக்கு ஒரு ட்ரிப் போறான், எல்லாரும் குறுக்கு வழிலயே போறான், நெரிசலே இல்லன்னு வெச்சுக்கிட்டு எண்ணுது. நோடுங்கிறது உங்க மேப்ல ரோடு சந்திப்பு, அதுல பத்து வீடு இருக்கா பெரிய ஆஸ்பத்திரி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. அதனால நடுவுல இருக்கிறதும் நீளமா வேகமா இருக்கிறதும்தான் மேல வரும். அப்புறம் நீங்க நகர எல்லைல வெட்டி இறக்கியிருப்பீங்க, அங்க இருக்கிற ரோடு எல்லாம் பாவம் ஒண்ணுமில்லாம காட்டும், வெளியூர் டிராஃபிக் கணக்குலயே இல்ல. கொஞ்சம் வெளிய தள்ளி வெட்டி ஓட்டிட்டு, ரிசல்ட் மட்டும் உள்பக்கத்துக்கு எடுங்க. ராத்திரி முழுக்க ஓட்டவும் வேணாம், நோடுல ஒரு சாம்பிள் எடுத்துத் தோராயமா ஓட்டினாலே முதல் பத்து பெருசா மாறாது.

டிமாண்ட், அதாவது எத்தனை பேர் எங்க இருந்து எங்க போகணும்ங்கிறது, உள்ள வந்தா கதை மாறும். 2006லயே ஸ்காட்டும் அவர் டீமும் நெட்வொர்க் ரோபஸ்ட்னெஸ் இண்டெக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, லிங்கை எடுத்துட்டு டிராஃபிக்கை மறுபடி அசைன் பண்ணி மொத்தப் பயண நேரம் எவ்ளோ கூடுதுன்னு பார்க்கிறது. வால்யூம் பை கெப்பாசிட்டி (ரோடு தாங்குற அளவுக்கு எவ்ளோ வண்டி போகுதுங்கிற விகிதம்) அதிகமா இருக்கிற லிங்க்தான் முக்கியம்னு நினைச்சவங்களுக்கு, நெரிசல் இருக்கிற லிங்க் வேற, இல்லாம இருக்க முடியாத லிங்க் வேறன்னு காட்டுனது அந்த மாதிரி வேலைதான். ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு, எடுக்கிற லிங்க் ஒரு ஊருக்கு ஒரே வழின்னா பயண நேரம் முடிவிலி ஆயிடும், சராசரி எடுக்கவே முடியாது. சில பேர் அந்த ஜோடிகளை எல்லாம் கணக்குல இருந்து சைலண்ட்டா தூக்கிடுவாங்க. யார் அதிகமா மாட்டிக்கிட்டாங்களோ அவங்கள நீக்கிட்டு மிச்சம் பேர் நலமா இருக்காங்கன்னு ரிப்போர்ட். ஜெனலியஸ் குரூப் இதைத் தனியா நிறைவேறாத டிமாண்ட்னு எண்ணும், அதுதான் நேர்மை.

அடுத்தது, ஒரு லிங்க் ஒரு லிங்க்கா எடுக்கிறது விபத்துக்குச் சரி, பேரிடருக்கு இல்ல. வெள்ளம் ஒரு ரோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து வராது. 2012ல ஜெனலியஸ், மாட்சன் மேப் மேல கட்டம் போட்டு ஒரு கட்டத்துக்குள்ள இருக்கிற எல்லா ரோட்டையும் ஒண்ணா மூடிப் பார்த்தாங்க. ஒத்தை லிங்க் கணக்குல எங்கெல்லாம் பலவீனம்னு வந்துச்சோ அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம வந்துச்சு, ஏன்னா மாற்று வழி எத்தனை இருந்தாலும் எல்லாமே அதே கட்டத்துக்குள்ள இருந்தா அது மாற்று வழியே இல்ல, அங்க எவ்ளோ ஜனம் போகுது வருதுங்கிறதுதான் பேசும். 2019ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல வெய்பிங் வாங் டீம் ஒரு படி மேல போய், உள்ளூர் அளவுல வர்ற வெள்ளம் கூட மொத்த நெட்வொர்க்கைத் திடீர்னு துண்டு துண்டாக்கிடும்னு பெர்கொலேஷன், அதாவது லிங்கை எடுத்துட்டே போனா நெட்வொர்க் எப்ப உடையுதுன்னு பார்க்கிற முறை, வெச்சுக் காட்டினாங்க. கொஞ்சம் கொஞ்சமா கெடாது, ஒரு அளவு வரைக்கும் தாங்கிட்டு பொலபொலன்னு போயிடும்.

நரி சார் கேட்ட ஸ்விட்ச் விஷயத்துக்கு ஒரு பதில் இருக்கு. 2017ல மரியா பிரெக்னோலாட்டோவும் கூட இருந்தவங்களும் தண்ணி ஆழத்தையும் கார் வேகத்தையும் இணைச்சு ஒரு வளைகோடு போட்டாங்க, ஆழம் ஏற ஏற வேகம் இறங்கும், 300 மில்லிமீட்டர் வந்தா கார் போகாது. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஈரமா இருந்தா மூடு, காஞ்சிருந்தா திறன்னுதான் பண்ணிட்டு இருந்தாங்க. இப்ப வெள்ளப் பேப்பர் எது எடுத்தாலும் அந்தக் கோடு இருக்கும்.

நீங்க வெள்ளம் எடுக்கிறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, நான் மூணு வாரம் தொலைச்ச இடம். வெள்ள ராஸ்டரை (கட்டம் கட்டமா தண்ணி ஆழம் இருக்கிற மேப்) ரோடு மேப் மேல போட்டா முதல்ல முங்குறது எது தெரியுமா, பாலம்! ஏன்னா பாலம் ஆத்துக்கு மேலதானே இருக்கு, கம்ப்யூட்டருக்கு தளம் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு தெரியாது, ஆத்துத் தண்ணி ஆழத்தை அப்படியே ரோட்டு மேல போட்டுடும். ஃப்ளைஓவரும் அதே மாதிரிதான். பாலம்னு டேக் இருக்கிறத தனியா பிரிச்சு வைங்க, டேக் போடாத பாலம் நிறைய இருக்கும், அதைக் கண்ணாலதான் தேடணும். இதைப் பண்ணாம பப்ளிஷ் ஆன மேப் நான் பார்த்திருக்கேன், ஊர்ல இருக்கிற எல்லா பாலமும் சிவப்பு.

---

சும்மா_வந்தேன்:

நான் இந்தத் துறையே இல்ல, ஆனா ஒரு சந்தேகம். இவ்ளோ மாடல் போடுறீங்களே, நிஜமா பேரிடர் வந்த அப்புறம் போய் நம்ம சொன்ன மாதிரி நடந்துச்சான்னு யாராவது சரி பார்த்தாங்களா?

---

கணக்குப்புலி:

@சும்மா_வந்தேன் நீங்க துறைல இல்லைங்கிறதாலதான் இந்தக் கேள்வி வருது, உள்ள இருக்கிறவங்க இதை அடிக்கடி கேட்டுக்கிறதில்ல :)

பார்த்தவங்க இருக்காங்க, ஆனா மாடல் போட்டவங்களோட ஒப்பிட்டா கொஞ்சம் பேர்தான். இயற்கைப் பேரிடர் இல்லன்னாலும் 2007ல மினியாபொலிஸ்ல ஐ-35 டபிள்யூ பாலம் விழுந்தப்போ லெவின்சன் குரூப் ஜனங்க எப்படி வழி மாத்திக்கிட்டாங்கன்னு தொடர்ந்து பார்த்தாங்க. ஈக்விலிப்ரியம் மாடல் என்ன சொல்லும், எல்லாருக்கும் எல்லா ரோடும் தெரியும், எல்லாரும் தனக்குச் சிறந்த வழிக்கு ஒரே நொடில மாறிடுவாங்கன்னு சொல்லும், 1952ல வார்ட்ராப் போட்ட விதி அது. சாதாரண நாளுக்குப் பரவால்ல. பாலம் விழுந்த மறுநாள் ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நாள் தடவித் தடவித்தான் புது வழிக்குப் பழகுவான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2017ல டோனவன், வொர்க் ரெண்டு பேரும் நியூயார்க் டாக்சி ஜிபிஎஸ் டேட்டா வெச்சு 2012 சாண்டி புயலைப் பார்த்தது. எல்லாரும் ஊரைக் காலி பண்ற நேரத்துலதான் ரோடு நாறும்னு நினைப்போம். காலி பண்றப்போ பெரிய பிரச்சினை இல்ல, புயல் போய் ஜனங்க திரும்ப வந்தப்போதான் தாமதம் பிச்சு எடுத்துச்சு. ரோடு திறந்திருச்சு, நெட்வொர்க் இருக்கு, ஆனா சப்வே இன்னும் முழுசா ஓடல, எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டாங்க. சேதமான லிங்கை மட்டும் எடுக்கிற மாடல்ல இது வரவே வராது, டிமாண்டே மாறிடுச்சே.

---

நெடுஞ்சாலை_நரி:

சரி பார்த்தாங்களான்னு சும்மா_வந்தேன் கேட்டது நல்ல கேள்வி. ஆழம் வேகம் கோடு பத்தி சொன்ன தம்பிக்கு நன்றி, ஆனா அது தண்ணி நிக்கிறப்போ கார் போற கணக்கு, நான் கேட்டது தண்ணி வடிஞ்ச அப்புறம் ரோடு தாங்குற கணக்கு. ரெண்டும் வேற.

மீள்ற வேகம்னு சொல்றீங்களே, அதுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சாண்டா மோனிகா ஃப்ரீவே பாலம் விழுந்துச்சு, திரும்பக் கட்ட கான்ட்ராக்ட்ல 140 நாள் கொடுத்தாங்க, 66 நாள்ல முடிச்சான். எப்படி? ஒரு நாள் முன்னாடி முடிச்சா 2 லட்சம் டாலர் போனஸ், ஒரு நாள் தாமதமானா கிட்டத்தட்ட அதே அளவு ஃபைன். ராப்பகலா வேலை நடந்துச்சு. நீங்க போடுற ரெசிலியன்ஸ் கர்வ் எவ்ளோ வேகமா மேல ஏறுதுங்கிறது டெண்டர் காகிதத்துல எழுதினது, உங்க கிராஃப்ல எங்க தேடுவீங்க?

2011 ஜப்பான் சுனாமில பண்ணதையும் பாருங்க. சீப்புன்னு பேர் வெச்சாங்க அந்தத் திட்டத்துக்கு. உள்நாட்டுல வடக்கு தெற்கா போற எக்ஸ்பிரஸ்வேயும் நேஷனல் ஹைவே 4ம் சீப்போட முதுகு, அதுல இருந்து கடற்கரைக்குப் போற 15 ரோடு சீப்போட பல்லு. முதல்ல முதுகு, அப்புறம் பல்லு, கடைசியா கடலோர ரோடு. மறுநாளே 11 பல்லு திறந்துட்டாங்க, மார்ச் 15க்குள்ள பதினஞ்சும். திறந்ததுன்னா பளபளன்னு ரோடு போட்டதில்ல, ஆம்புலன்ஸும் ராணுவ வண்டியும் போற அளவுக்கு குப்பையைத் தள்ளி, பெயர்ந்த இடத்துல மண்ணைக் கொட்டினது, அவ்ளோதான். எந்த வரிசைல திறக்கிறதுன்னு அங்க முடிவெடுக்கிறதுக்கு சில மணி நேரம்தான் இருக்கும். ரிப்பேர் வரிசைன்னு ஆப்டிமைசேஷன் பேப்பர் ஏகப்பட்டது வருது, நான் பார்த்த சிலதுல எல்லா சேதமும் முதல் நாளே தெரியும்னு எடுத்துக்குறாங்க. எங்களுக்கு எது உடைஞ்சதுன்னு தெரியவே மூணு நாள் ஆகும் சாமி, போய்ப் பார்க்கிறதுக்கு ரோடு வேணுமே.

---

ஓஎஸ்எம்_பைத்தியம்:

நரி சார் கடைசி வரிக்காகத்தான் இப்ப சாட்டிலைட், ட்ரோன் வேலை எல்லாம் அந்தப் பக்கம் ஓடுது. சென்டினல்-1 மாதிரி ரேடார் சாட்டிலைட் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், வெள்ளப் பரப்பு சீக்கிரம் தெரியும். ஆனா நகரத்துக்குள்ள, கட்டிடத்துக்கு நடுவுல, மரத்துக்கு அடில இருக்கிற ரோட்டுல அது தடுமாறும், அப்புறம் சாட்டிலைட் தலைக்கு மேல வர்ற நாள் வேற நமக்கு ஏத்த மாதிரி இருக்காது. மெஷின் லேர்னிங் போட்டு ரிப்பேர் வரிசை, டிராஃபிக் கணிப்புன்னு வர்றது எல்லாம் இருக்கு, ட்ரெய்ன் பண்ண நிஜ பேரிடர் டேட்டா கம்மி அதனால நிறைய சிமுலேஷன்லயே ட்ரெய்ன் பண்ணி சிமுலேஷன்லயே டெஸ்ட் பண்றது, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, நீங்க எழுதுறப்போ பேலன்ஸா எழுதிக்கோங்க.

உலக அளவுல ஒரு படம் வேணும்னா கோக்ஸும் டீமும் 2019ல போட்டது. உலகத்துல இருக்கிற ரோடு, ரயில் பாதைல கிட்டத்தட்ட 27 சதவீதம் ஏதாவது ஒரு பேரிடர் அபாயத்துக்கு உள்ள இருக்கு, 100 வருஷத்துக்கு ஒரு தடவைங்கிற வெள்ளத்துக்கு 7.5 சதவீதம். வருஷத்துக்கு எதிர்பார்க்கிற நேரடிச் சேதம் 3.1ல இருந்து 22 பில்லியன் டாலர் வரைக்கும், அதுல சுமார் 73 சதவீதம் வெள்ளத்தால. அந்த 3.1க்கும் 22க்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க, அதுல பெரிய பங்கு ரோடு போட, சரி பண்ண என்ன செலவாகும், எவ்ளோ ஆழத்துக்கு எவ்ளோ சேதம்னு சரியா தெரியாததுல இருந்து வருது. அதாவது நரி சார் சொன்ன கல்வெர்ட் கதைதான்.

கூட ஒண்ணு, 2017ல கேனின் டீம் அமெரிக்கால 40 நகரத்தை எடுத்து, சாதாரண நாள்ல நெரிசல் கம்மியா இருக்கிற ஊரும் அடி வாங்கினா தாங்குற ஊரும் ஒண்ணு இல்லன்னு காட்டினாங்க. தினசரி டிராஃபிக்குக்குப் பண்ற முதலீடு பேரிடருக்கும் உதவும்னு சும்மா ஒரு வரி எழுதிடாதீங்க, ரிவ்யூவர் கடிச்சு வெச்சுடுவார்.

---

பாதிவழி_ஸ்காலர்:

ஐயோ இவ்ளோ பேர் இவ்ளோ எழுதுவீங்கன்னு நினைக்கல, ரெண்டு தடவை படிச்சுட்டு மூணாவது தடவை நோட்ல எழுதினேன். நரி சார், தம்பி இல்ல, தங்கச்சி :)

ஒண்ணு தோணுச்சு, சரியா சொல்லுங்க. நான் வருஷ வாரியா இல்லன்னா ரெசிலியன்ஸ், வல்னரபிலிட்டின்னு வார்த்தை வாரியா பிரிச்சுட்டு இருந்தேன். அதை விட்டுட்டு ஒவ்வொரு பேப்பரும் எதை உடைக்குதுன்னு பிரிச்சா? ஒத்தை லிங்கை உடைக்கிறவங்க, கட்டத்தை உடைக்கிறவங்க, ஆழத்தை வெச்சு வேகத்தை மட்டும் குறைக்கிறவங்க, டிமாண்டையும் சேர்த்து மாத்துறவங்க. அப்புறம் உடைச்சத எப்படி ஒட்டுறாங்க, ஒட்டுறதுக்கு எவ்ளோ தெரியும்னு எடுத்துக்குறாங்க. நேத்து ராத்திரி கைல இருந்த பேப்பரை மட்டும் இப்படி அடுக்கிப் பார்த்தேன், ரெசிலியன்ஸ்னு தலைப்பு வெச்ச பாதி பேப்பர் ஒத்தை லிங்கை எடுத்துட்டு மறுபடி வைக்கிற அதே பழைய கணக்குதான், நேரமே இல்ல. அந்த உருண்டைப் படத்துல இது தெரியவே தெரியாது இல்ல?

கல்வெர்ட், அப்ரோச் அளவுக்கு இறங்கினது என் குவியல்ல கை விரல்ல எண்ணிடலாம். அதைத்தான் எடுக்கலாமான்னு இருக்கு, ஆனா டேட்டாவுக்கு எங்க போறதுன்னு பயமாவும் இருக்கு.

---

கணக்குப்புலி:

இதுதான் சாப்டர். படத்தைத் தூக்கிப் பின்னிணைப்புல போடுங்க. ஒண்ணே ஒண்ணு, ஒத்தை லிங்க் பேப்பரை எல்லாம் ரொம்பத் திட்டிடாதீங்க, மண்சரிவுக்கு மலைப்பாதைல அது நியாயமான எடுகோள்தான், வெள்ளத்துக்கு அதைக் கடன் வாங்கினதுதான் பிரச்சினை.

---

நெடுஞ்சாலை_நரி:

மன்னிச்சுக்கோ தங்கச்சி, கண்ணாடி போடாம டைப் பண்றேன்.

டேட்டா இருக்கு, உன் கண்ணுக்குப் படுற மாதிரி இருக்காது. ரோட்டைப் பராமரிக்கிற எந்த ஆபீஸ்லயும் கல்வெர்ட் இன்வெண்டரின்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், எந்த சேனேஜ்ல என்ன வகை, எத்தனை கண், எவ்ளோ அகலம்னு. வெள்ளச் சேத மதிப்பீடு தனி ஃபைல்ல இருக்கும், எந்த இடம் போச்சு எவ்ளோ செலவுன்னு. ரெண்டையும் சேனேஜ் வெச்சு இணைச்சா எது போச்சு எது தப்பிச்சதுன்னு வந்துடும், தப்பிச்ச கணக்கு வேணும் மறந்துடாதே, போனதை மட்டும் எடுத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. தொல்லை என்னன்னா எங்க சேனேஜ் ரோடு ஆரம்பிக்கிற இடத்துல இருந்து கிலோமீட்டர் கணக்கு, உங்க மேப்ல லிங்க் நம்பர். நடுவுல எப்பவோ ரோட்டை நேராக்கியிருப்போம், பைபாஸ் போட்டிருப்போம், அன்னைல இருந்து கிலோமீட்டர் கல்லும் ரிஜிஸ்டரும் ஒத்துப் போகாது. அதை உக்காந்து சரி பண்றதுக்கே ஆறு மாசம் ஆகும்னு வெச்சுக்கோ.

கைடுகிட்ட லெட்டர் வாங்கிட்டு நேர்ல போ, மெயில் போட்டா பதில் வராது. எக்செல் கேட்டா சிரிப்பாங்க, நோட்டுதான் இருக்கும், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கலாமான்னு முதல்லயே கேட்டுக்கோ. பவர்பேங்க் எடுத்துட்டுப் போ.